கைச்சுற்றளவு

டோக்கன் எத்தன யம்மா ஒங்களுக்கு? முப்பத்தாறா? அப்பம் எனக்குப் பொறவுதான். எனக்கு முப்பத்திரெண்டு. உள்ள போன முப்பதே இன்னும் வெளிய வரல. இந்த டாக்டரு நல்லா நின்னு நிதானமாப் பேசுவாரு, அதான் நேரமாவுது. சாஞ்சு உக்காருங்க. அந்த ஷாலை எதுக்கு இப்படிப் போர்த்திக்கிட்டு இருக்கிய, இந்த வேக்காட்டுல?

கைக்குத்தானா? நெனச்சேன். உக்காந்த தினுசுலயே தெரிஞ்சிட்டு. ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கிய. நானும் அப்படித்தான் உக்காருவேன். ரெண்டு வருசமா அப்படித்தான்.

எத்தன கிலோ கொறச்சிய? இருவத்தெட்டா? நல்லது. நான் நாப்பத்திமூணு. நூத்திநாலு கிலோ இருந்தேன், இப்பம் அறுவத்தொண்ணு. பெருமைக்குச் சொல்லல யம்மா. ஒங்களுக்கு என்ன, சக்கரையா, முட்டு வலியா, டாக்டரு சொல்லிக் கொறச்சியளா? எனக்கு ஒரு வியாதியும் கெடையாது. நான் ஒருத்தி மேல உள்ள வஞ்சத்துல கொறச்சவ.

சிரிக்காதிய. நெசமாத்தான் சொல்லுதேன். எனக்கும் இதை யாருகிட்டயாவது சொல்லணும். எங்கூருல சொல்ல முடியாது. யாரு காதுல போட்டாலும் பொழுது சாயுததுக்குள்ள அவ காதுக்குப் போயிரும்.

எம்பேரு சங்கரவடிவு. சங்கரன்கோயில்ல லேடீஸ் டைலர். கடையில மூணு மிசின் ஓடுது. எங்கூர்ப் பொம்பளைக பாதிப் பேரோட கைச்சுற்றளவு எனக்கு மனப்பாடம். பேரு மறந்தாலும் அளவு மறக்காது. அவ கைச்சுற்றளவு பதினேழே கால்.

அவன்னா யாரா? லோகநாயகி. எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. நாங்க கீழ் வீடு, அவ மாடி. இருவத்திநாலு வருசமா அவ நடக்குத சத்தம் என் தலைக்கு மேல. முறைக்கு லோகா அக்கான்னு கூப்பிடுதேன். மனசுக்குள்ள கூப்பிடுத பேரு வேற. அதை ஆஸ்பத்திரியில வெச்சுச் சொல்லக் கூடாது.

மூணரை வருசம் முந்தி குடும்பத்தோட திருச்செந்தூர் போனோம். வேன் பிடிச்சுப் போனோம். எல்லாரும் ஏறியாச்சு, நான் கடைசி. படியில கால வெச்சேன், வேன் லேசா சாஞ்சுது. எந்த வேன்தான் சாயாது, சொல்லுங்க? முன் சீட்டுல உக்காந்திருந்த லோகா தலையத் திருப்பி டிரைவர்கிட்ட சொல்லுதா: "அண்ணாச்சி, டயர்ல காத்து இருக்கான்னு ஒருவாட்டி பாத்துக்கிடுங்க. எங்க வடிவு ஏறுதா."

வேனே சிரிச்சுது. பிள்ளைக சிரிச்சுது. டிரைவர், அவரு யாரோ எவரோ, அவரும் சிரிக்காரு. எங்க வீட்டுக்காரரு, "ஒரு நாளைக்கே இப்படிச் சொல்லுதியளே மைனி, நான் இருவது வருசமா கட்டில் பள்ளத்துல கெடக்கேன்"னு சொன்னாவ. அதுக்கு இன்னும் கூடச் சிரிப்பு. அவ்வோ அப்படித்தான், எல்லாத்தையும் தமாசாப் பேசுவாவ. மனசுல ஒண்ணும் கெடையாது. ஆரம்பிச்சு வெச்சது யாரு? அதைலா பாக்கணும்.

அன்னைக்குக் கோயில்ல குடுத்த சர்க்கரைப் பொங்கலை, தொன்னையோட அப்படியே பக்கத்துல நின்ன பிள்ளைகிட்ட குடுத்துட்டேன். அன்னைக்கு விட்டதுதான். சீனி, அரிசி, எண்ணெய்ப் பலகாரம் எல்லாம்.

மறுநாள் விடியக்காலம் எந்திச்சு ஸ்டேசன் ரோட்டுல நடக்க ஆரம்பிச்சேன். மொதல்ல நூறு அடிக்கு ஒருக்க நின்னு மூச்சு வாங்குவேன். நிக்கத் தோணும்போதெல்லாம் அவ பேரச் சொல்லுவேன். லோகா. லோகா. லோகா. ஒரு அடிக்கு ஒரு லோகா. ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி நடப்பேன் யம்மா. அத்தன தடவ சாமி பேரச் சொல்லியிருந்தா இந்நேரம் எனக்கு மோட்சம் கெடச்சிருக்கும்.

அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கவனிக்க ஆரம்பிச்சிட்டா. மாடியில மோர்க்கொழம்பு வெச்சா தேங்கா அரைக்காம எனக்குன்னு ஒரு கிண்ணம் தனியா குடுத்து விடுவா. பயறு அவிச்சா ஒரு பங்கு வரும். மழை பெய்ஞ்ச அன்னைக்கு, "ஏளா, ரோட்டுல வழுக்கும், மொட்டை மாடியில வந்து நட"ன்னு தாப்பாளத் தெறந்து விட்டா. எல்லாம் வேவு. எத்தன கிலோ எறங்கியிருக்கேன்னு கிட்ட நின்னு பாக்கணும்லா அவளுக்கு.

அதுக்காக மாடியில நடக்காம இருந்தேனான்னு கேக்காதிய. நடந்தேன். அவ தலைக்கு மேல நான் நடக்கட்டும்னு நடந்தேன்.

எங்க வீட்டுக்காரருக்குத் தினமும் பூரி, இல்லன்னா வடை வேணும். சுட்டுக் குடுத்துட்டு எதுக்க உக்காந்து வெள்ளரிக்கா திம்பேன். "ஒனக்கு எதுக்குளா இந்தப் பாடு, ரெண்டு மாசத்துல பழையபடி ஊதிருவ"ம்பாவ. அக்கறைதான். பொம்பள பட்டினி கெடக்காளேன்னு ஒரு இது.

ஒண்ணரை வருசத்துல எறக்கிட்டேன். நாப்பத்திமூணு. ஆனா ஒண்ணு எனக்கு ஒருத்தரும் சொல்லல. ஒங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டாவ. உள்ள இருந்த ஆளு வெளிய போயிருவா, அவளுக்குத் தைச்ச தோலு அப்படியே நிக்கும்னு யாரு சொன்னா? என் பழைய கைச்சுற்றளவு பதினெட்டரை. அந்தப் பதினெட்டரைக்குத் தைச்ச தோலு, பதினோரு இஞ்சு கையில எப்படி உக்காரும்? துணின்னா பக்கத்துல பிடிச்சிரலாம். தோலை எங்க பிடிக்க?

வயித்துலயும் இருக்கு. அது சேலைக்குள்ள கெடக்கு, யாரு பாக்கா? கை வெளியலா நிக்குது. என் மிசின் மோட்டார் மிசினு. பெடல்ல கால வெச்சா மேசை அதிரும்லா, அந்த அதிர்வுல ரெண்டு கைத் தோலும் கெடந்து துடிக்கும். பிளவுஸ் வாங்க வந்த சின்னப் பிள்ளைக அதையே பாத்துக்கிட்டு நிக்கும். தாய்க்காரி பிள்ளை முகத்தைப் பைய அந்தப் பக்கம் திருப்புவா. மிசினைச் சுவர் பாத்துத் திருப்பிப் போட்டுட்டேன்.

தண்ணி பாட்டில்ல மண்ணு ரொப்பித் தூக்கிப் பாத்தேன். நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய், வாட்சப்புல வந்த களிம்பு, ஒண்ணு விடல. உள்ள சதை கெட்டியாச்சு. தோலு நகரல. வேர்வையில மடிப்புக்குள்ள வெந்து போவும், பவுடர் போட்டா அரிக்கும். ஒங்களுக்கும் உண்டா? ம். அதை ஆருகிட்ட சொல்ல? எடை கொறஞ்சவளுக்கு என்ன கொறைம்பாவ.

இருந்தாலும் எனக்கு ஒரு சந்தோசம் இருந்துது யம்மா. செயிச்சிட்டோம்லா. சொந்தத்துல ஒரு வீட்டுப் பால் காய்ப்புக்குப் போனோம். கிளிப்பச்சையில ஒரு பிளவுஸ், நானே எனக்குத் தைச்சது, கை குட்டையா வெச்சு. கல்யாணமான வருசத்துக்குப் பொறவு அன்னைக்குத்தான் குட்டைக் கை போடுதேன். போவட்டும், தொங்கினாத் தொங்கிட்டுப் போவுதுன்னு போட்டேன். வாசல்ல ஆரத்தி சுத்த என்னையக் கூப்பிட்டாவ. தட்டைத் தூக்கினேன்.

லோகா சொல்லுதா: "ஏளா வடிவு, கையில என்ன, ஈரத்துணியா காயப் போட்டிருக்க?"

நூறு பேரு நிக்காவ. மொதல்ல எங்க வீட்டுக்காரரு சிரிச்சாவ. அவ்வோ சிரிப்பு பெரிய சிரிப்பு, தெருக்கோடி வரைக்கும் கேக்கும். "கிளிப்பு மாட்டி வைளா, காத்துல பறந்துரப் போவுது"ன்னாவ. பொறவு எல்லாரும் சிரிச்சாவ. அவ்வோ மேல தப்பில்ல. சிரிப்புக் காட்டினா மனுசன் சிரிக்கத்தான் செய்வான். காட்டினவள எதைக் கொண்டு அடிக்க?

அன்னைக்குச் சாயங்காலம் மாடிப்படியில வழி மறிச்சு, "வாய் தவறி வந்துட்டுளா, மனசுல வெச்சுக்கிடாத"ன்னா. பாத்தியளா? கேலி நூறு பேரு முன்னால, மன்னிப்பு மாடிப்படியில. தண்ணிக் கொடம் இருக்கு, வழிய விடுங்கக்கான்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

அதுக்குப் பொறவு நான் கையத் தூக்கல. பஸ்ஸுல மேல் கம்பியப் பிடிக்க மாட்டேன், ஆட்டத்துல விழுந்தாலும் சரி. கொடியில துணி போட மாட்டேன். எங்கூர்க் கோயில் ஆடித்தபசு அன்னைக்கு ஊரே தலைக்கு மேல கையத் தூக்கிக் கும்பிடும், நான் மட்டும் நெஞ்சோட வெச்சுக் கும்பிட்டுட்டு வந்தேன். பிளவுஸெல்லாம் முழங்கை வரைக்கும் கை. சித்திரை வெயில்லயும் அதான். அளவெடுக்கும்போது கூட டேப்பை எறக்கி எறக்கித்தான் பிடிப்பேன். ஆனா மனசுக்குள்ள ஒரு இடத்துல அடுப்பு அணையாம இருந்துது. வருவா, நம்ம கைக்கு வருவான்னு இருந்தேன்.

வந்தா. போன தை மாசம் அவ மவ தாரணிக்குக் கல்யாணம். ஒத்தை மவ. பட்டுச் சேலைய எடுத்துக்கிட்டு நேரே கீழ எறங்கி வந்து என் மிசின் மேல வைக்கா. "வடிவு, முகூர்த்தத்துக்கு நீதான் தைக்கணும். வேற எவ தைச்சாலும் எனக்கு உக்காராது."

ஒண்ணு சொல்லணும், நியாயத்துக்கு. இருவத்திநாலு வருசத்துல அவ வேற டைலர்கிட்ட போனதில்ல. அவ கை வருசா வருசம் அரை இஞ்சு, கால் இஞ்சுன்னு பெருத்துக்கிட்டுத்தான் வந்துது. நான் அளவுப் புத்தகத்துல திருத்திட்டு ஒண்ணும் சொல்லாம விரிச்சுத் தைச்சிருவேன். அவளுக்கே தெரியாது. "பாத்தியா, பத்து வருசமா எனக்கு ஒரே அளவு"ன்னு ஊருல பீத்திக்கிட்டுத் திரிவா. நான் வாயத் தெறந்ததில்ல. அது தொழில் தர்மம். அந்த தர்மத்தைத்தான் அன்னைக்கு ஓரமா எடுத்து வெச்சேன்.

எப்படித் தைச்சேன்னு சொல்லுதேன், ஒங்களுக்குத் தையல் தெரியுமா? தெரியாட்டியும் விளங்கும். கைச்சுற்றளவுல முக்கால் இஞ்சு கொறச்சு வெட்டினேன். எப்பவும் உள்பக்கம் கொஞ்சம் துணி விடுவோம், பின்னால பிரிச்சு விரிக்கதுக்கு. அதை விடல, ஒட்ட நறுக்கிட்டேன். அக்குள்ல ரெட்டைத் தையல் போடுவோம், இழுவை அங்கதானே? ஒத்தைத் தையல் போட்டேன், அதுவும் எட்டி எட்டி விழுத மாதிரி வெச்சு. கையத் தொங்கப் போட்டு நின்னா ஒண்ணும் தெரியாது. தூக்கினா போச்சு. மவ தலையில அட்சதை போடக் கையத் தூக்காத தாய் உண்டா?

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் குடுக்கல. கொக்கி பாக்கி, கொக்கி பாக்கின்னு இழுத்தேன். குடுத்தப்போ, "போட்டுப் பாருங்கக்கா"ன்னும் ஒரு வார்த்தைக்குச் சொன்னேன். "நீ தைச்சதைப் போட்டு வேற பாக்கணுமாக்கும்"னு சொல்லிக்கிட்டே மாடி ஏறிட்டா. அன்னைக்கு ராத்திரி ரெண்டு தடவ எந்திச்சு மாடிப்படி வரைக்கும் போயிட்டு வந்தேன். பசியா இருக்கும். நான் ராத்திரிச் சாப்பாடுதான் விட்டுட்டேன்லா.

மறுநாள் மண்டபம். நான் மொத வரிசைக்கு முந்தி, தூணோரமா, மேடை நல்லாத் தெரியுத எடத்துல நின்னேன். வீடியோக்காரன் ரெண்டு பக்கமும் பெரிய பெரிய டிவி வெச்சிருக்கான். கெட்டி மேளம் முழங்குது. மாப்பிள்ளை தாலியக் கையில எடுக்காரு. லோகா கை நெறைய அட்சதைய அள்ளி, வலது கையத் தலைக்கு மேல தூக்கினா.

மேளச் சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுது. பட்டு கிழியுத சத்தம் தனி.

அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் ஒரே பிளப்பு. உள்ள இருந்த கை அப்படியே வெளிய தள்ளிக்கிட்டு வந்துட்டு. அந்த நேரம் பாத்து வீடியோக்காரன் பெண்ணோட தாயாரக் காட்டுதான். ரெண்டு டிவியிலயும் கதவு அகலத்துக்கு அவ கை. மொத வரிசையில யாரோ வாயப் பொத்தினாவ. பின்னால ஒரு சிரிப்புக் கெளம்பிச்சு, அப்படியே பரவிச்சு. அதுக்கு மேல எங்க வீட்டுக்காரரு குரலு: "மைனி, டயர் வெடிச்சிட்டு!"

நான் எதிர்பாக்கல யம்மா. பழைய வார்த்தைய எப்படி ஞாபகம் வெச்சிருந்தாவளோ. அதே சிரிப்பு. வேன்ல சிரிச்ச அதே சிரிப்பு, பால் காய்ப்புல சிரிச்ச அதே சிரிப்பு. தூரத்துல நின்னு கேட்டா அது வேற மாதிரி இருக்கு. நமக்கு விழும்போது கேக்குதது வேற, இன்னொருத்திக்கு விழும்போது நின்னு கேக்குதது வேற. என்னமோ... சரி, விடுங்க. சவத்த.

லோகா என்ன செஞ்சா தெரியுமா? கைய டக்குன்னு எறக்கி விலாவோட ஒட்டிக்கிட்டா. அள்ளின அட்சதை மூடின கையிலயே இருக்கு. தாலி கட்டியாச்சு. எல்லாரும் போடுதாவ. அவ போடல. தாரணி நிமிந்து தாயப் பாக்கா. அவ போடவே இல்ல. முகத்துல சிரிப்பை மட்டும் வெச்சுக்கிட்டு, கைய ஒட்டிக்கிட்டு, இப்பம் நீங்க உக்காந்திருக்கிய பாருங்க, அச்சு அப்படித்தான் நின்னா.

எனக்கு எப்படி இருந்துதுன்னா கேக்கிய? நல்லா இருந்துது. ரொம்ப நல்லா இருந்துது. மூணு வருசக் காத்திருப்புலா. ஒரு மூணு நிமிசம் அப்படி இருந்துது.

மேடைய விட்டு எறங்கினவ நேரா என்கிட்ட வாரா. சரி, பிடிச்சுக்கிட்டா, இப்பம் மண்டபத்துல வெச்சு நாறப் போவுதுன்னு நானும் தயாரா நின்னேன். என்னென்ன திருப்பிச் சொல்லணும்னு வரிசையா வெச்சிருக்கேன். அவ காதோரம் வந்து, "வடிவு, ஊசி நூலு வெச்சிருக்கியா?"ன்னா.

டைலர் கைப்பையில ஊசி நூலு இல்லாமலா? மணமகள் அறைக்குள்ள கூட்டிட்டுப் போயி கதவத் தாப்பாள் போட்டேன். கழட்டித் தைக்க நேரமில்ல, போட்ட மேனிக்கே தைக்கணும். அவ கையத் தூக்கி என் தோள் மேல வெச்சுக்கிட்டா. கனமா, வெதுவெதுன்னு, மெத்துன்னு. என் பழைய கை மாதிரியே இருந்துது யம்மா. மூணு வருசம் கழிச்சு என் கைய நானே தொட்ட மாதிரி. அதுக்காக எரக்கம் வந்துட்டுன்னு நெனைக்காதிய.

அவ அழுதா. "நான்தான் தின்னு பெருத்துட்டேன், ஒன் தையல்ல கோளாறு இருக்காது"ன்னா. கோட்டிக்காரி. நான் பாட்டுக்குத் தைச்சேன். பொறவு சொல்லுதா, "வெளியாளு சிரிச்சாவ, அது போவட்டும். ஒன் புருசன் சத்தம் மட்டும் தனியாக் கேட்டுதுளா வடிவு. நான் ஒரு தடவ கேட்டதுக்கே நெஞ்சு அடைக்கி. நீ இதை எத்தன வருசமாக் கேக்க?"

கொழுப்பப் பாத்தியளா? எம் புருசனப் பத்தி எங்கிட்டயே. சொல்லவிட்டவ இவ, சிரிக்க வெச்சவ இவ. எனக்கு வந்த ஆத்திரத்துல ஊசி கொஞ்சம் ஆழமா எறங்கிட்டு. கை தவறித்தான். ரத்தம் பொட்டு வெச்சுது. அவ ஒரு சத்தம் போடல. "தைளா, தைளா, சாப்பாட்டுப் பந்தி நிக்கும்"னா.

பத்து நாள் கழிச்சு அந்த பிளவுஸைக் கொண்டு வந்து, உள்பக்கத்தைத் திருப்பி என் மேசையில விரிச்சா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு தையலை விரலால தடவித் தடவிப் பாத்தா. "உள்ள துணியே விடலியேளா நீ. எப்பவும் விடுவியே"ன்னா. நான் மிசினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன், நிமிரல. கண்ணாடியக் கழட்டி முந்தியில தொடைச்சா. அப்புறம், "ஒனக்கும் வயசாவுது, கண்ணு மங்குது. நல்ல கண்ணாடியா வாங்கிப் போடு"ன்னு சொல்லிட்டு, பிளவுஸை மடிச்சு எடுத்துக்கிட்டு மாடி ஏறிட்டா. எவ்வளவு மண்டு பாருங்க! கைல எடுத்துக் குடுத்தாக் கூடப் புரியாது அவளுக்கு.

ஆனா அவளுக்குப் பயம் வந்துட்டு, அது உண்மை. அன்னையிலேருந்து என்னையப் பத்தி ஒரு கேலி கெடையாது. நானா, நானான்னு ஆடினவ வாயக் கட்டிட்டேன்லா. அது மட்டுமில்ல, ஒரு நாள் சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரரு என் கையப் பாத்து என்னமோ வௌவால்னு தொடங்கினாவ. லோகா அப்பத்தான் ரசம் கொண்டு வந்தவ, அப்படியே சட்டியத் தரையில ணங்குன்னு வெச்சா. "கொழுந்தனாரே, அவ கையால தின்னுக்கிட்டு அவ கையப் பேசாதிய. இன்னொரு வாட்டி என் காதுல விழுந்துது, அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன், நானே பேசிக்கிடுவேன்"னா. அவ்வோ தட்டப் பாத்துக் குனிஞ்சிட்டாவ. எம் புருசன அதட்ட இவ யாரு? நான் கேக்கணும்னுதான் நெனச்சேன். ரசம் ஆறிரும்னு விட்டுட்டேன்.

இப்பம் எதுக்கு இந்த ஆபரேசன்னு கேப்பிய. தாரணிக்கு ஐப்பசியில வளைகாப்பு. அன்னைக்கு நான் கையே இல்லாத பிளவுஸ் போட்டுக்கிட்டு அவ முன்னால போயி நிக்கணும். நாப்பத்தேழு வயசுல. ஊரு என்ன சொன்னாலும் சரி. தூக்கின கையில ஒரு மடிப்பு இருக்கக் கூடாது. அவ பாக்கணும், பாத்து வேவணும். போன தடவ வந்தப்போ டாக்டரு கேட்டாரு, "எடை ஆறு மாசமா ஒரே மாதிரி இருக்கு, ரத்தம் நல்லா இருக்கு, ஆனா எதுக்காகச் செய்யணும்னு நெனைக்கிய"ன்னு. பழி வாங்கத்தான் டாக்டர்னு சொன்னேன். பேனாவக் கீழ வெச்சிட்டாரு பாவம்.

படம் வரைஞ்சு காட்டினாரு. அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் உள்பக்கமா வெட்டி, மிச்சத்தை எடுத்துட்டுத் தைப்பாராம். தழும்பு இருக்கத்தான் செய்யும், நாள்பட மங்கும்னாரு. ஒத்தைத் தையலா, ரெட்டையா டாக்டர்னு கேட்டேன். மூணு அடுக்குன்னாரு. அப்பம் சரின்னுட்டேன், கெட்டியாத் தைக்கவருதான்.

ஒரே ஒரு சங்கடம். மூணு வாரத்துக்குக் கையத் தோளுக்கு மேல தூக்கக் கூடாதாம். தல சீவ முடியாது, குளிக்க முடியாது, கொக்கி மாட்ட முடியாது. கூட இருந்து எல்லாத்தையும் செய்ய ஒரு பொம்பள வேணும்னு நர்ஸம்மா கண்டிசனாச் சொல்லிட்டாவ. எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம்னா ஆகாது. அவ்வோகிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல. நெல்லைக்குத் துணி எடுக்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். எனக்குப் பொம்பளப் பிள்ளையும் கெடையாது.

அப்பந்தான் எனக்கு யோசனை வந்துது யம்மா. இதை விடப் பெரிய பழி உண்டா? அவளையே செய்ய வைப்போம். நூறு பேரு முன்னால இந்தக் கையச் சொன்னவ, இதே கையத் தூக்கித் தொடைக்கட்டும். தலைக்கு எண்ணெ வைக்கட்டும், சிடுக்கு எடுக்கட்டும். மூணு வாரம் சோத்தைப் பிசைஞ்சு ஊட்டட்டும். போயிச் சொன்னேன். மூஞ்சி சுளிப்பா, சாக்குச் சொல்லுவா, அப்பம் வெச்சுக்கிடலாம்னு பாத்தா, "எந்தத் தேதின்னு சொல்லு, தாரணி வீட்டுக்குப் போறத தள்ளி வைக்கேன்"னுட்டா. ஒரு நிமிசம் கூட யோசிக்கல. சிக்கினது தெரியாம சிக்கிட்டா.

அன்னா, படி ஏறி வாரா பாருங்க. ஊதாச் சேலை, கையில பிளாஸ்க்கு. கேண்டீனுக்குப் போயிட்டு வாரா. நான் சொன்னதை ஒண்ணும் காட்டிக்கிடாதிய யம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

"வாங்கக்கா. என்ன இம்புட்டு நேரம்? ...சீனி போடாம வாங்கினியளா? ...நர்ஸம்மா கூப்பிட்டாவளா? எப்பம்?"

அவ கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாளாம் யம்மா. ஆபரேசனுக்குக் கூட இருக்கவங்க போட வேண்டிய காகிதம். இந்தா, நீங்களே பாருங்க, எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. பேரு லோகநாயகி. சரி. நோயாளிக்கு என்ன உறவுன்னு போட்டிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

உடன்பிறந்த அக்கான்னா போட்டிருக்கா?

பாத்தியளா பொய்ய! டாக்டரு காகிதத்துல, இங்க் பேனாவுல, பொய் எழுதுதா. ஓரகத்தின்னு போட வேண்டியதுதானே? நான் அதை அடிச்சுத் திருத்தச் சொல்லப் போறதில்ல. நேரமாயிட்டு, என்னைய உள்ள கூப்பிடுதாவ.

"அக்கா, பைய எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க. கதவுகிட்ட நிக்காதிய, உள்ள வாங்க."

வாரேன் யம்மா. ஒங்களுக்கும் நல்லபடியா நடக்கும். என் கை மட்டும் ஆறட்டும், அப்புறம் இருக்கு அவளுக்கு.